பதக்கத்துக்கு முன் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுதலைக்காகப் போரிட்டவர்களுக்கு நாடுகள் எப்படிப் படைத்துறை விருது நிறுவுகின்றன என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். முதலில் ஒரு திருத்தம். பங்களாதேஷின் 1971 விடுதலைப் போருக்கான வீர விருதாளர் தொகை 676 என்று அச்சாகியிருந்தது. 1973 டிசம்பர் 15 வர்த்தமானிப்படி (அரசிதழ்) அது சரி. நான்கு தரங்கள், உயர்ந்ததிலிருந்து: வீர் சிரேஷ்டா 7, வீர் உத்தம் 68, வீர் விக்ரம் 175, வீர் பிரதீக் 426. ஆனால் அந்த நாட்டை நிறுவிய முஜிபுர் ரஹ்மானின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட நால்வரின் விருதுகள் 2021 ஜூனில் பறிக்கப்பட்டு, தொகை 672 ஆனது. விருது கொடுக்க ஏற்பாடு செய்கிறவர்கள் அதைத் திரும்ப எடுக்கும் ஏற்பாட்டையும் முதல் வர்த்தமானியிலேயே எழுதிவிட வேண்டும். 48 வருடம் கழித்து எழுதினால் அது அரசியலாகத்தான் பார்க்கப்படும்.

கட்டுரை முழுக்க உலோகம், நாடா, நட்சத்திரம் என்றே போகிறது. அதெல்லாம் கடைசி வேலை. பட்டியல் பிழைத்தால் பதக்கத்தைத் தங்கத்திலே வார்த்தும் பயனில்லை.

பிரான்ஸின் விடுதலை விருதைப் பாருங்கள். நாடு ஜேர்மன் பிடியில் கிடந்தபோதே, 1940 நவம்பர் 16 அன்று, ஆபிரிக்காவின் பிரசவில் நகரில் வைத்து, சுதந்திர பிரெஞ்சுப் படைகளின் தலைவர் டி கோல் அதை நிறுவினார். முதலாம் தரம், இரண்டாம் தரம் என்ற பிரிப்பு இல்லை. நாடாவில் பச்சையும் கறுப்பும்: பச்சை நம்பிக்கைக்கு, கறுப்பு துக்கத்துக்கு. 1946 ஜனவரி 23 உடன் சேர்க்கையை மூடிவிட்டார்கள். மொத்தம் 1,038 பேர், 18 படைப்பிரிவுகள், 5 ஊர்கள். மூடிய பிறகு விதிவிலக்காகச் சேர்ந்தவர்கள் சேர்ச்சிலும், இறந்தபின் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும். சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே பட்டியலை முடித்தது நல்ல வேலை. அதற்கொரு விலையும் இருந்தது. அந்த 1,038 பேரில் பெண்கள் ஆறு பேர்தான். பரிந்துரைக்கும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ, அவர்கள் கண்ணில் பட்டவர்களின் பெயர்தான் ஏறும்.

பங்களாதேஷில் பெயர் ஏறியது, ஆளைத்தான் காணவில்லை. குரிகிராம் மாவட்டத்துத் தாராமன் பீபி 11ஆம் பிரிவில் ஆயுதம் ஏந்திய பெண். 1973 வர்த்தமானியிலேயே வீர் பிரதீக் விருதுக்கு அவர் பெயர் இருந்தது. அது அவருக்கே தெரியாது. ஒரு கல்லூரி ஆசிரியர் தேடிக் கண்டுபிடித்த பிறகு, 1995 டிசம்பரில்தான் பதக்கம் அவர் கைக்கு வந்தது. இருபத்திரண்டு வருடம்! படைப்பெயர் மட்டும் எழுதிய பட்டியலில் இது நடந்தே தீரும். பிறந்த பெயர், தகப்பன் பெயர், ஊர், கிராம அலுவலர் பிரிவு, வாரிசின் பெயர் ஆகியவை ஒரே வரியில் இருக்க வேண்டும். வரைவுப் பட்டியலை ஒவ்வொரு கிராம அலுவலர் அலுவலகத்திலும் குறைந்தது மூன்று மாதம் ஒட்டிவைத்து, ஆட்சேபணையை எழுத்தில் வாங்க வேண்டும். ஊருக்குத் தெரியாத பொய் கொழும்பிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது.

ஆதாரம் என்று எதைக் கேட்பது? சத்தியக்கடதாசி மட்டும் போதாது. சமாதான நீதவானின் கையெழுத்து, இன்னார் தன் முன்னால் சத்தியம் செய்து ஒப்பமிட்டார் என்பதற்குத்தான் சாட்சி. உள்ளே எழுதியிருப்பது உண்மை என்பதற்கு அல்ல. இந்தியாவில் 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்துக்கு, குறைந்தது ஆறு மாதச் சிறைவாசத்தைக் காட்டச் சொன்னார்கள். சிறைப் பதிவேடு அழிந்துபோன இடத்தில், உடன் சிறையிருந்தவரின் சான்றை ஏற்றார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய இராணுவத்தினரும் அந்தத் திட்டத்துக்குள் வந்தனர். வன்னியில் இந்த விசயத்தை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எத்தனையோ தடவை இடம்பெயர்ந்து, பிறப்புச் சான்றிதழே மிஞ்சாத வீடுகள் இங்கே எத்தனை! கடதாசி இருப்பவருக்கே விருது என்றால், அதிகம் இழந்தவர் முதலில் விடுபடுவார். எங்கள் கணிப்பில் இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவரும் சம்பவ இடத்தில் நின்றிருக்க வேண்டும், இருவரில் எவரும் விருதுக்குரியவரின் உறவினராக இருக்கக்கூடாது, ஒருவராவது வேறு அணியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். சேர்த்து உட்கார வைத்தால் இரண்டு வாய்க்கும் ஒரே கதைதான் வரும்.

சலுகையை விருதோடு கட்டாதீர்கள். பங்களாதேஷில் 1972 முதல் அரச வேலையில் விடுதலை வீரர்களுக்கு 30 வீதம் ஒதுக்கினார்கள். அது பிள்ளைகளுக்கும் பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் நீண்டது. போலிச் சான்றிதழ் பெருகி, 2014இல் செயலாளர் பதவியில் இருந்த சிலரின் சான்றிதழ்களே இரத்தாயின. 2024 ஜூலையில் மாணவர் தெருவில் இறங்கிய பின், நாட்டின் அதியுயர் நீதிமன்றம் ஒதுக்கீட்டை 5 வீதமாக்கியது, ஆட்சியும் கவிழ்ந்தது. காயப்பட்டவருக்கு மருத்துவமும் விதவைக்கு ஓய்வூதியமும் வேறு சட்டத்தின் கீழ் வரட்டும்.

இனி உலோகம். பிரித்தானிய முறையைப் பின்பற்றிய பதக்கங்கள் பெரும்பாலும் 36 மில்லிமீற்றர் வட்டம், 32 மில்லிமீற்றர் நாடா. செம்பு முக்கால், நிக்கல் கால் கலந்த உலோகம் வெள்ளி போலத் தெரியும், கறுக்காது. அச்சை மென்மையான உருக்கு இரும்பில் வெட்டி, பிறகு சூடாக்கிக் கடினப்படுத்தி, அழுத்த இயந்திரத்தில் அடிப்பதே சரியான முறை. செலவைக் குறைக்க மணலில் வார்த்தால் முகத்தில் ஊசித்துளை விழும், எழுத்தின் விளிம்பு மழுங்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறை நிற்கும். அதன்பின் போலியை எடை பார்த்துப் பிடிக்க வழியில்லை.

செய்து தருவோரிடம் கேள்வி (விலைமனு) கோரும்போது பரிசோதனை அறிக்கையும் கேளுங்கள். விடுதலைக்கு உதவிய வெளிநாட்டவருக்கென்று டாக்கா அரசு கொடுத்த நினைவுச் சின்னங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பரி, அதாவது சுமார் 11.66 கிராம், தங்கம் இருக்க வேண்டும். 2014இல் ஒன்றைச் சோதித்தபோது இருந்தது 2.36 கிராம். வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பித்தளையும் செம்பும் துத்தநாகமும். எங்கள் ஊர் நகைக்கடையில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

விளிம்பில் பெயர் பொறிப்பதை விட்டுவிடக்கூடாது. பிரித்தானியாவின் முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் இலக்கம், பதவி, பெயர் மூன்றும் இருக்கும். நூறு வருடம் கழித்தும் இது யாருடையது என்று சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களை அதே பிரித்தானியா பெயரில்லாமல் கொடுத்தது. பெட்டியும் கடிதமும் தொலைந்தால் அது வெறும் உலோகத் துண்டு. இங்கே பெட்டியைக் கறையான் தின்ன ஒரு மாரி போதும். பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: குத்துவிளக்கைப் போலப் புளி போட்டு விளக்காதீர்கள். பூசிய தங்கம் முதலில் மூக்கு, நெற்றி போன்ற மேடான இடங்களில் போகும், திரும்ப வராது. உலர்ந்த பருத்தித் துணி போதும்.

கட்டுரையின் கடைசியில், பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்ட வன்னித் தலைவர் பண்டாரவன்னியன் பெயரில் ஒரு விருது கேட்டிருந்தீர்கள். 1982இல் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டவர், தடை இருக்கக்கூடாது. ஆனால் படைத்துறை விருதை அரசுதான் நிறுவலாம். பிரதேச சபையால் முடிந்தது நினைவுப் பதக்கம். அதன் மாதிரிப் படத்தில் பின்பக்கம் 1803 ஒக்டோபர் 31 என்று போட்டிருக்கிறீர்கள். அது கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல்லில், அவர்களின் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகப் பொறித்த திகதி. அன்றே அவர் இறந்தார் என்பதையும் எல்லா ஆய்வாளரும் ஏற்பதில்லை. பின்னரும் சில வருடம் போரிட்டார் என்பாரும் உண்டு. முல்லைத்தீவுக் கோட்டையை அவர் பிடித்தது அதே வருடம் ஆகஸ்ட் 25. அந்தத் திகதியைப் போடுங்கள். அச்சுக் கடினமாக்கிய பிறகு ஒரு இலக்கத்தைக்கூட மாற்ற முடியாது, புதிதாகத்தான் வெட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பதக்கம், நாணயம் சேகரிப்போர் சிலர்,
வவுனியா.