மார்ஃபா ஊர் வரலாற்றைத் தமிழில் வெளியிட நன்கொடை தாருங்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேற்கு டெக்சஸில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து, மார்ஃபா என்ற சின்ன ஊரின் வரலாற்றைத் தமிழில் படங்களோடு ஒரு புத்தகமாகக் கொண்டுவரும் வேலையில் இறங்கியிருக்கிறோம். எழுத்து வேலை பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. இனி ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யவும், பழைய படங்களுக்கு அனுமதி வாங்கவும், அச்சிடவும் பணம் வேண்டும். அதைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

மார்ஃபா என்றால் இன்று பலருக்கும் கலைக்கூடங்கள்தான் நினைவுக்கு வரும். 1970-களின் தொடக்கத்தில் கலைஞர் டொனால்ட் ஜட் அங்கே குடியேறிய பிறகு வந்த புகழ் அது. வருகிறவர்கள் அவருடைய படைப்புகளைப் பார்க்கிறார்கள், இரவில் ஊருக்கு வெளியே தெரியும் மர்ம ஒளிகளைப் பார்க்கப் போகிறார்கள், மறுநாள் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய 90 ஆண்டுகளை, மாடும் ரயிலும் அந்த ஊருக்குச் சோறு போட்ட காலத்தை, யாரும் நின்று கேட்பதில்லை. எங்கள் புத்தகம் அந்தக் காலத்தைப் பற்றியது.

1880-களின் தொடக்கத்தில் சதர்ன் பசிபிக் ரயில்வே தன் துணை நிறுவனத்தின் பெயரில் டெக்சஸின் மேற்கு முனையில் உள்ள எல் பாசோ நகரிலிருந்து கிழக்கு நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்தது. வெயிலில் நின்று பாதை போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1883 ஜனவரியில் பெக்கோஸ் ஆற்றருகே அந்தப் பாதை கிழக்கிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. நீராவி எஞ்சினுக்கு வழி நெடுகத் தண்ணீர் பிடித்தாக வேண்டும். அப்படி எஞ்சின் நின்று தண்ணீர் பிடிப்பதற்காக உண்டான இடம்தான் மார்ஃபா. ஆறு கிடையாது, பழைய குடியிருப்பு கிடையாது. ரயில் நின்றதால் சரக்குக் கிடங்கு வந்தது, கிடங்கு வந்ததால் கடை வந்தது. 1885-இல் பிரெசிடியோ கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) தலைமையிடம் ஃபோர்ட் டேவிஸ் என்ற ஊரிலிருந்து மார்ஃபாவுக்கு மாறியது. மறு ஆண்டே குவிமாடத்தோடு மூன்று மாடி நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. அது இன்றும் நிற்கிறது.

ரயில் வந்த பிறகுதான் மேய்ச்சல் பண்ணைகள் பெருகின. அந்த மேட்டுநிலத்தில் ஆண்டுக்குச் சுமார் 15 அங்குலம்தான் மழை. புல் இருக்கும், தண்ணீர் இருக்காது. ஆழத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் காற்றாடிகளும், எல்லை போடும் முள்கம்பிச் சுருள்களும் ரயிலில் வந்து இறங்கிய பின்பே, ஊற்றுகளை விட்டுத் தள்ளியும் மாடு வளர்க்க முடிந்தது. 1885 வாக்கில் தன் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்த லூக்காஸ் பிரைட் போன்றவர்கள், சிவப்பு உடலும் வெள்ளை முகமும் கொண்ட ஹெர்ஃபோர்டு மாடுகளுக்கு இந்தப் பகுதியைப் பேர்போன இடமாக்கினார்கள்.

இலையுதிர் காலம் வந்தால் ஊரே மாட்டு வாசனைதான். கவ்பாய்கள் பல நாள் நடையாகக் கன்றுகளை ஓட்டிவந்து தண்டவாளத்தை ஒட்டிய பட்டிகளில் அடைப்பார்கள். எடை போட்டு, விலை பேசி, சாய்வுப் பலகை வழியாக ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் ஒரு சட்டம் உண்டு: 28 மணி நேரத்துக்கு மேல் கால்நடையைப் பெட்டியிலேயே வைத்திருக்கக் கூடாது. வழியில் இறக்கி, தீனியும் தண்ணீரும் கொடுத்து, இளைப்பாறவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். 1873-இலேயே அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இது. இந்த வேலையைக் கையால் செய்தவர்களில் பெரும்பகுதி மெக்சிக வம்சாவளியினர். பண்ணைகளின் கதை முதலாளிகளின் பெயர்களோடு நின்றுவிடக் கூடாது என்பதில் எங்கள் குழு உறுதியாக இருக்கிறது.

அப்புறம் 1950-களின் வறட்சி. டெக்சஸ் முழுவதும் 1957 வரை வாட்டிய வறட்சி அது. மேய்ச்சல் காய்ந்துபோனதும் பண்ணைக்காரர்கள் முதுகில் எரிவாயுக் கலனைக் கட்டிக்கொண்டு, குழாய் முனையில் வரும் தீயால் சப்பாத்திக்கள்ளியின் முள்ளைப் பொசுக்குவார்கள். முள் கருகிய மடலை மாடு தின்னும். தீயின் சத்தம் கேட்டாலே மாடுகள் தீனி என்று ஓடிவருமாம். அப்படியும் பலர் மந்தையை விற்றுவிட்டார்கள். ஏற்கெனவே 1946-இல் மார்ஃபாவில் இருந்த ராணுவ முகாம் மூடப்பட்டு ஊர் மெலிந்திருந்தது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. இன்று மக்கள்தொகை இரண்டாயிரம்கூட இல்லை. பயணிகள் ரயில் ஊர் வழியாகப் போகிறது, நிற்பதில்லை. ரயில் ஏற 26 மைல் தள்ளி ஆல்பைன் என்ற ஊருக்குப் போக வேண்டும்.

தண்டவாளத்துக்குத் தெற்கே பிளாக்வெல் பள்ளி இருக்கிறது. 1909-இல் பச்சை மண் கற்களால் கட்டியது. மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளைத் தனியாக வைத்துப் படிக்கவைத்த பள்ளி. ஸ்பானிய மொழியில் பேசினால் அடி விழும். 1954-இல் ஒருநாள், 'இனி ஸ்பானிய மொழி பேச மாட்டேன்' என்று குழந்தைகளைச் சீட்டில் எழுதச் சொல்லி, சீட்டுகளைப் பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தின் அருகே குழி வெட்டிப் புதைத்தார்கள். தாய்மொழிக்குச் சவ அடக்கம். 1965-இல் பள்ளி மூடப்பட்டது. இடிந்துவிடாமல் காத்தவர்கள் அங்கே படித்த பழைய மாணவர்களே. அவர்களுடைய உழைப்பால்தான் 2022-இல் அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் நிறைவேறியது. வீட்டில் தமிழும் வெளியே ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள் இதைத் தமிழில் படிக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. இந்தப் புத்தக வேலைக்கே அதுதான் முதல் காரணம்.

இன்னொரு அத்தியாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 1918 ஜனவரி 28 அன்று இதே கவுன்டியில், மெக்சிகோ எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் இருந்த போர்வெனிர் என்ற சிற்றூரில், டெக்சஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல் படையினரும் பண்ணைக்காரர்கள் சிலரும் 15 ஆண்களையும் சிறுவர்களையும் சுட்டுக் கொன்றார்கள். உடன் ராணுவக் குதிரைப்படையினரும் போயிருந்தார்கள். விசாரணை நடந்தது, சில ரேஞ்சர்கள் வேலை இழந்தார்கள். தண்டனை யாருக்கும் இல்லை. பிள்ளைகள் படிக்கும் புத்தகத்தில் இது வேண்டுமா என்று குழுவில் சிலர் கேட்டார்கள். பேசி முடிவெடுத்தோம்: இருக்கும். கொல்லப்பட்ட 15 பேரின் பெயர்களும் இருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். மொத்தச் செலவு 7,500 டாலர் என்று கணக்கிட்டிருக்கிறோம். குழுவினர் போட்டது 3,000 டாலர். மீதி 4,500 டாலர் உங்களிடமிருந்து வர வேண்டும். இதில் பெரும்பகுதி 500 பிரதிகள் அச்சிடுவதற்கு. அடுத்தது, வறட்சியையும் பள்ளியையும் நேரில் கண்ட பெரியவர்களைப் பதிவு செய்யும் செலவு. ஸ்பானிய மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப்போக வேண்டும், அவருக்கு உரிய கூலி கொடுத்தாக வேண்டும். எழுதுபவர்களும் வடிவமைப்பவர்களும் ஊதியம் வாங்கவில்லை. பிரதிகளை டெக்சஸில் உள்ள தமிழ்ப் பள்ளிகளுக்கு இலவசமாகத் தருவோம்.

பதிவு வேலைதான் அவசரம். அந்தத் தலைமுறை எண்பதைத் தாண்டிவிட்டது. இலையுதிர் காலத்தில் கன்று விற்பனை தொடங்கிவிட்டால் பண்ணை வீடுகளில் யாரையும் உட்காரவைத்துப் பேச முடியாது. அதனால் ஆகஸ்ட் இறுதிக்குள் பணம் கைக்கு வந்தால் நல்லது.

பத்து டாலரும் நன்கொடைதான், தயங்க வேண்டாம். 100 டாலருக்கு மேல் தருபவர்களுக்கு ஒரு பிரதி அனுப்பிவைப்போம். எந்தத் தொகைக்கும் ரசீது உண்டு. பெயர் வெளியிட வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வெளியிட மாட்டோம். பழைய ரயில் படங்களோ மார்ஃபா பக்கத்து அஞ்சலட்டைகளோ உங்களிடம் இருந்தால் ஸ்கேன் செய்து திருப்பித் தருவோம். பணம் மிஞ்சினால் கூடுதல் பிரதிகள் அச்சிடுவோம். வரவு செலவுக் கணக்கு நன்கொடை தந்த எல்லோருக்கும் வரும். பணம் அனுப்பும் விவரத்தை, இந்தக் கடிதத்தை உங்களிடம் சேர்த்த குழு உறுப்பினரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
புத்தகக் குழுவினர்