மலைக்காற்று அறைக்குச் சந்தா கட்டும் முன்: மும்பை மாதுங்கா நடைக் குழுவுக்கு

ஃபைவ் கார்டன்ஸில் தினமும் கூடும் அண்ணாக்களே, அக்காக்களே, மாமிகளே,

புதிதாக வந்த ஜிம்மின் 'மலைக்காற்று அறை'க்கு நம்மில் பதினோரு பேர் சேர்ந்து ஆண்டுச் சந்தா கட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 51 வயது, போன மாதம் எச்பிஏ1சி (மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.1 வந்தது, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறேன். அந்த அறையில் பயிற்சி செய்தால் சர்க்கரை குறையும் என்கிறார்களே, அது உண்மையா என்று அதனால்தான் உட்கார்ந்து படித்தேன்.

அங்கே காற்றழுத்தம் மாறாது, நைட்ரஜனைக் கூட்டி ஆக்சிஜனைக் குறைப்பார்கள். வெளியில் சுமார் 21 சதவீதம் இருப்பதை 15க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரத்தில் நிற்கிற மாதிரி, ஊட்டியே 2,240தான், கடலோரத்தில் வாழும் நமக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஆக்சிஜன் குறையும்போது இன்சுலின் இல்லாமலே தசை ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் சாதாரணக் காற்றில் வேகமாக நடந்தாலும் உழைக்கிற தசை அதையேதான் செய்கிறது! இதுவரை நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை. சிலவற்றில் கொஞ்சம் கூடுதல் பலன், பலவற்றில் பெரிய வித்தியாசமே இல்லை. இதை நம்பி ஒரு வருடப் பணத்தையா கட்டுவது?

ஒருவருக்கு மட்டும் அந்த அறை உதவலாம் என்று தோன்றுகிறது. முட்டி வலியால் இரண்டாவது சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிற நம் அக்காவுக்கு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மெதுவாக நடந்தாலே நாடித்துடிப்பு ஏறிவிடும், மூட்டுக்குப் பாரம் குறைவு. சரி, அவர் டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் மட்டும் போய்ப் பார்க்கட்டும், விரலில் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) மாட்டி ஆள் பக்கத்தில் நிற்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளட்டும். இதய நோய், அடங்காத பிபி, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தயவுசெய்து உள்ளே காலே வைக்காதீர்கள். அப்புறம், 'மலைப் பயிற்சி' என்று விற்கிற முகமூடி வேண்டவே வேண்டாம்; அது மூச்சிழுப்பதைக் கடினமாக்குமே தவிர காற்றில் உள்ள ஆக்சிஜனைக் குறைக்காது.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு மணி நேரம் நடப்பதாகச் சொல்கிறோம், அதில் பாதி நின்று பேசுவதில் போகிறது, மீதி டிபனுக்கு எங்கே போகலாம் என்பதில். உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரம் 150 நிமிடம், மூச்சு வாங்க ஆனால் பேச முடிகிற வேகத்தில், கூடவே இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி. அதையே நாம் இன்னும் செய்யவில்லை. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, நம்மில் எத்தனை பேர் அதற்குள் இருக்கிறோம்?

திங்கள் முதல் ஆறு மணிக்கு, பேச்சை முப்பது நிமிடம் தள்ளிவைத்துவிட்டு நடப்போம், வாரத்தில் ஐந்து நாள். மூன்று மாதம் கழித்து எல்லோரும் எச்பிஏ1சி எடுப்போம். சந்தாவை அதுவரை நிறுத்திவையுங்கள், ஞாயிறன்று காபிக்கு உட்காரும்போது இதைப் பேசி முடிவு செய்யலாம்.