பழைய வேனுக்குப் பவர் ஸ்டியரிங் கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் பிள்ளைகளை ஏற்றும் பழைய பாடசாலை வேன்களுக்குப் பவர் ஸ்டியரிங் (இஞ்சின் சுற்றும் பம்ப் ஒயிலைத் தள்ளி, ஸ்டியரிங்கைத் திருப்பக் கைக்கு உதவும் ஏற்பாடு) கட்டாயமாக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொல்வதில் பாதி சரி. பவர் ஸ்டியரிங் இல்லாத லைட்ஏஸ் வேனை நின்ற இடத்தில் திருப்பினால் கை வலிதான் மிச்சம், லயத்து வாசலில் நாலைந்து தடவை முன்னே பின்னே எடுக்காமல் வேன் திரும்பாது. ஆனால் கொஞ்சம் உருள விட்டுத் திருப்பினால் பாரம் பாதியாகிவிடும், பழைய சாரதிமார் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அதற்கும் மேலே இறுக்கமாக இருந்தால் முன் டயரில் காற்று இருக்கிறதா, முன் சில்லு திரும்பும் மூட்டான போல் ஜொயின்ட் கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அழகுக்கு அகல டயர் போட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திட்டுகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்!

என் பயம் வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள், திறந்தும் அந்த விலைக்கு யார் வாங்குவது? இருக்கிற வேனுக்கே கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகனங்களிலிருந்து கழற்றி விற்கும் பவர் ஸ்டியரிங் பொக்ஸையும் பம்பையும் வாங்கிப் பூட்டுகிறார்கள். நல்ல மெக்கானிக் பாஸிடம் கொடுத்தால் பிரச்சினை இல்லை. பழைய ஒயில் ஹோஸையே மாட்டி, பொருந்தாத பெல்ட்டை இழுத்துப் போட்டு அனுப்புகிற கராஜும் இருக்கிறதே, றம்பொடை வளைவில் பிள்ளைகளோடு இறங்கும்போது அந்த பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? பம்ப் சுற்றுவதே அந்த பெல்ட்டால்தான். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, ஆனால் பவர் இல்லாத மெனுவல் ஸ்டியரிங்கை விடப் பாரமாகிவிடும். பவர் பொக்ஸ் ஸ்டியரிங்கின் குறைந்த சுற்றில் சில்லைத் திருப்பச் செய்தது, பம்ப் தள்ளாவிட்டால் உள்ளே கிடக்கும் ஒயிலையும் சேர்த்து நம் கைதான் தள்ள வேண்டும்.

அப்புறம், டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இஞ்சினை ஓஃப் பண்ணிவிட்டு உருட்டும் பழக்கம். 2022இல் எரிபொருளுக்குப் பெற்றோல் செட்டில் வரிசையில் நின்ற காலத்தில் பழகியதைச் சிலர் இன்னும் விடவில்லை. இஞ்சின் நின்றால் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது, இரண்டு மூன்று மிதியில் பிரேக் கல்லாகிவிடும். மெனுவல் வேனில் ஸ்டியரிங்காவது எப்போதும் போல இருக்கும், பவர் வேனில் இரண்டும் ஒரே நேரத்தில் இறுகிவிடும்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அங்கே பார்ப்பது புகையைத்தான், ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது, ஹோஸ் கசிகிறதா என்று குனிந்து பார்க்க ஆளில்லை. பாடசாலை வேன்களுக்காவது ஸ்டியரிங்கையும் ஹோஸையும் பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று அந்த வாசகர் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். பவர் ஸ்டியரிங்கை மட்டும் கட்டாயமாக்கினால், மலிவு விலைக்குப் பூட்டித் தர நாளைக்கே ஆள் வந்துவிடும்.

இப்படிக்கு,
வேன் சாரதி ஒருவர்,
ஹட்டன்.