அமெரிக்காவின் மொஹாவி பாலைக்கு விதை சேகரிக்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

தொப்பி, தண்ணீர் பற்றியெல்லாம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். மணிக்கு முக்கால் லிட்டராவது குடி, தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. நான் சொல்ல வந்தது வேறு: பறிக்க ஆரம்பிக்கும் முன் விதையை வெட்டிப் பார்.

அட்ரிப்ளெக்ஸ் கனெசென்ஸ் என்ற உப்புப் புதரையே எடுத்துக்கொள். கோடைக் கடைசியில் நாலு இறக்கைக் காய்கள் கொத்துக்கொத்தாக முற்றத் தொடங்கும். பை சீக்கிரம் நிறையும், ஆனால் அதில் பெரும் பங்கு பதராக இருக்கலாம். வெவ்வேறு செடிகளிலிருந்து 20 காய் எடுத்து, நகவெட்டியால் குறுக்கே நறுக்கி, 10 மடங்கு லென்ஸில் பார். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் நல்ல விதை. பால் கசிந்தால் இன்னும் முற்றவில்லை, சில நாள் கழித்து வா. தூள் கொட்டினால் பூச்சி முந்திக்கொண்டது. 20-இல் 10 பதர் என்றால், 10,000 நல்ல விதை வேண்டுமானால் 20,000 காய் பறிக்க வேண்டும். அந்த இடம் அதைத் தாங்குமா? அன்றைக்கு முற்றியிருப்பதில் 20 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தாங்காது என்று தோன்றினால் வேறு இடம் பார்.

குறைந்தது 50 செடிகளிலிருந்து எடு. இந்தப் புதரில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி என்பதால், 50-உம் காய்த்த செடிகளாக இருக்க வேண்டும். ரோட்டோரச் செடிகள் தாரிலிருந்து வழியும் மழைநீரைக் குடித்துக் கொழுத்து நிற்கும், கை தானாக அங்கேதான் போகும். அவற்றிலேயே நின்றுவிடாதே. உள்ளே நடந்து, குட்டையானதிலும் வாடியதிலும் கொஞ்சம் கொஞ்சம் எடு.

வெடித்துச் சிதறும் காய்களை விடிந்ததும் பறி. வெயில் ஏறிக் காய்ந்தால் தொட்டவுடன் தெறிக்கும். குளோப்மேலோ என்ற ரோமச் செடிக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதன் ரோமம் கண்ணில் பட்டால் அன்றைய வேலை அதோடு சரி.

பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். பறித்த விதையில் இன்னும் ஈரம் இருக்கும், மூச்சு விடும், வியர்க்கும், பூஞ்சை பிடிக்கும். துணிப்பை நல்லது, பொடி விதைக்கு மட்டும் காகித உறை, துணி இழையில் அது சிக்கிக்கொள்ளும். பையை மூடிய வண்டியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதே. வெளியே 40 டிகிரி என்றால் உள்ளே 60-ஐத் தாண்டும். நன்றாகக் காய்ந்த விதை கொஞ்சமாவது தாங்கும், ஈர விதை செத்துவிடும். வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, முளைப்புச் சோதனையில்தான் தெரியும். நிழலில், காற்று படும்படி வை. வண்டியைக் கிளப்பும் முன் அடியில் குனிந்து பார், ஆமை நிழலுக்கு ஒதுங்கியிருக்கும். தூக்காதே, பயத்தில் அது சேமித்த நீரைக் கழித்துவிடும். தானாக நகரட்டும்.

ஈரம் இருக்கும்போது உறைபெட்டியில் வைத்தால் உள்ளே பனி கட்டித் திசு கிழியும். முதலில் 15 டிகிரி, 15 சதவீத ஈரப்பதத்தில் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, அதன் பிறகே மைனஸ் 20.

டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் நுழைந்தால் தனி அனுமதி வேண்டும்.

சீட்டைப் பென்சிலால் எழுது, மை வெயிலில் வெளுக்கும். பைக்குள் ஒன்று, வெளியே ஒன்று: தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், எத்தனை செடி. காயோடும் இலையோடும் ஒரு கிளையை அழுத்திக் காயவைத்து, அதற்கும் அதே எண் கொடு. அது இல்லாவிட்டால் பையில் இருப்பது எந்தச் செடியின் விதை என்று பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

அன்புடன்,
அண்ணன்