டெண்டர் திறந்த பிறகு என்ன நடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுக் கட்டுமானப் பணிகள் எல்லாவற்றுக்கும் மின்னணு டெண்டரைக் கட்டாயமாக்கச் சொல்லும் உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். மறுப்பதற்கில்லை. பெட்டியில் உறை போட வந்தவரை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பிய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். கணினி வந்ததும் அந்த அட்டகாசம் குறைந்தது. ஆனால் தலையங்கம் டெண்டர் திறக்கும் நாளோடு நின்றுவிடுகிறது. முப்பது ஆண்டுக்கு மேல் தணிக்கைக் கோப்புகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த கசிவு பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான்.

ஒரு சாலைப் பணிக்கு விலை கொடுக்கும்போது மண் வெட்ட, பாறை உடைக்க, ஜல்லி பரப்ப என்று ஒவ்வொன்றுக்கும் ஒப்பந்ததாரர் தனித்தனி ரேட் போடுகிறார். மதிப்பீட்டில் பாறை கொஞ்சம்தான் இருக்கும். உண்மையில் நிறைய வரும் என்று உள்ளே இருக்கும் யாரோ அவர் காதில் போட்டிருப்பார்கள். அதனால் பாறைக்குக் கொள்ளை ரேட், மண்ணுக்கு அடிமாட்டு ரேட். கூட்டிப் பார்த்தால் அவர்தான் எல்லோரையும்விடக் குறைவு, பணி அவருக்கே போகும். ஆறு மாதம் கழித்து 'எதிர்பாராத பாறை' என்று கூடுதல் பணிக்கு ஒப்புதல் கேட்டுக் கோப்பு நகரும். அந்தப் பாறையை எதிர்பார்க்காதவர் அநேகமாகத் தணிக்கைக்காரர் ஒருவர்தான். ஒப்பந்ததாரர் பணம் வாங்கிய கடைசிப் பட்டியலை, அதாவது பில்லை, வைத்துக் கணக்குப் போட்டால், தோற்றுப்போன இரண்டாமவரே மலிவு என்று தெரியும். டெண்டர் விதி ஒன்றுகூட மீறப்பட்டிருக்காது.

அடுத்தது அளவுப் புத்தகம், அதாவது முடிந்த வேலையை அளந்து பொறியாளர் எழுதிவைக்கும் பதிவேடு. பணம் பட்டுவாடா ஆவது இதை வைத்துத்தான். ஒருமுறை என் மேசைக்கு வந்த புத்தகத்தில் மூன்று வாரத்து அளவுகளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல இருந்தன. எல்லா இடத்திலும் தார்த் தளத்தின் கனம் 75 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்த ரோட்டில் அப்படி வரும்? துளையிடும் கருவியோடு நேரில் போனேன். "புது ரோடு சார், ஓட்டை போட்டா கெட்டுடும்" என்றார் பொறியாளர். ஐந்து இடத்தில் துளைத்தோம். வெளியே வந்த கருப்பு உருளையை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நான்கு இடத்தில் ஐம்பதைச் சுற்றியே நின்றது. ஒரே ஒரு இடத்தில் சரியாக 75. அது ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் வண்டியை நிறுத்தும் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில்!

சரி, பலன்? அறிக்கை மேலே போய்ப் பதில் வருவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிட்டது. பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய பராமரிப்புப் பொறுப்புக் காலம் முடிந்து, அதற்காக அவர் பில்லில் பிடித்தம் செய்த தொகையும் அவரிடமே திரும்பிப் போயிருந்தது. பொறியாளர் வேறு ஊரில் இருந்தார்.

வேலை நடக்கும்போதே தணிக்கை வரும் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவில் நல்ல சான்று இருக்கிறது. பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் அங்கே 600க்கும் மேற்பட்ட கிராமச் சாலைப் பணிகளை எடுத்துக்கொண்டு, சாலையைத் தோண்டிப் பார்த்து, போட்ட பொருளையும் எழுதிய கணக்கையும் ஒப்பிட்டார். சுமார் 4 சதவீதமாக இருந்த தணிக்கை வாய்ப்பு சில கிராமங்களில் நூறு சதவீதம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. அங்கெல்லாம் காணாமல்போன செலவு ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளி குறைந்ததாக 2007இல் வெளியான அவரது ஆய்வு சொல்கிறது. அதே ஊர்களில் பணியை நடத்துபவர்கள் தங்கள் உறவினர்களை வேலைக்குச் சேர்ப்பது கூடியதாம். மனிதன் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி பார்ப்பான். ஆனாலும் சாலையில் ஜல்லி கூடுதலாக விழுந்ததே!

ஸ்லோவாக்கியாவில் 2011 முதல், அரசு ஒப்பந்தம் இணையத்தில் வெளியான பிறகே செல்லும். மூன்று மாதத்துக்குள் வெளியிடாவிட்டால் ஒப்பந்தமே போடவில்லை என்று அர்த்தம். இதே கண்டிப்பைக் கூடுதல் பணி ஆணைக்கும் அளவுப் புத்தகத்துக்கும் கொண்டுவரலாம். பக்கத்துத் தெருக்காரர் தன் வீட்டு வாசலில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வார்.

தணிக்கைக்குப் பயந்து பொறியாளர்கள் கையெழுத்தே போடமாட்டார்கள், வேலை தேங்கும் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அப்படி மாதக்கணக்கில் தூங்கிய கோப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். எல்லாப் பணியையும் நோண்ட வேண்டாம். குலுக்கலில் வரும் பணியை மட்டும், வேலை நடக்கும்போதே துளைத்துப் பார்த்தால் போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். டெண்டர் யாருக்குக் கிடைத்தது என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அதே பணி முடிந்ததும் இறுதிப் பட்டியலை வாங்கி, டெண்டர் தொகைக்குப் பக்கத்தில் வைத்து அச்சிடுங்கள். உள்பக்கத்தில் போட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர் ஒருவர்