சாய்தளத்துக்கு ஒரு கருவி, குளியலறைக்கு வேறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிவிட்டார் என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள், காலையிலேயே வீடு அமைதியாகிவிடுகிறது, அதனால் நீ கேட்டதற்கு நிதானமாகப் பதில் எழுத முடிகிறது.

வாசலில் அப்பாவின் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம், குளியலறைத் தரையில் தண்ணீர் வடியப் புது வாட்டம், இரண்டுக்கும் சேர்த்து ஒரு டிஜிட்டல் சாய்வுமானி வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். சாய்தளத்துக்கு வாங்கு. குளியலறைக்கு அதை நம்பாதே.

சாய்தளத்துக்குப் பல நாட்டு விதிகளில் வரும் அளவு 1:12, அதாவது ஓர் அடி ஏற 12 அடி நீளம். சதவீதத்தில் சொன்னால் 8.33, டிகிரியில் 4.76. மூன்றும் ஒரே சரிவுதான், ஆனால் பல கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினாலே டிகிரி சதவீதமாக மாறிவிடும் என்பதால் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறி இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார். 8.33 டிகிரி வைத்துக் கட்டிவிட்டால் சரிவு கிட்டத்தட்ட 1:7 ஆகிவிடும். அதில் நாற்காலியைத் தள்ளி ஏற்றுவது கஷ்டம், இறக்கும்போது பிடித்து நிறுத்துவது அதைவிட ஆபத்து.

அப்புறம் துல்லியம். திரையில் 0.05 டிகிரி வரை காட்டினால் அந்த அளவுக்குச் சரியாக இருக்கும் என்று அர்த்தம் இல்லை. சாதாரண மானிகள் பலவற்றின் பெட்டியில் ±0.2 டிகிரி என்றுதான் போட்டிருக்கும், வாங்கும்போது அந்த வரியைத் தேடிப் படி. 0.2 டிகிரி என்றால் ஒரு மீட்டருக்கு 3.5 மில்லிமீட்டர். சாய்தளத்தில் இது பெரிய விஷயம் இல்லை. குளியலறையில் 1:80 வாட்டம் கொடுக்கிறாய் என்று வை, மீட்டருக்கு 12.5 மி.மீ. தான் இறக்கம், அதில் 3.5 தவறினால் கால்வாசிக்கும் மேல் போய்விடுகிறது. அப்பா கால் வைக்கிற இடத்தில் தண்ணீர் தேங்கினால் நாம் இவ்வளவு யோசித்ததற்கே பலன் இல்லை.

அங்கே கண்ணாடிக் குழலில் குமிழ் ஓடும் பழைய ரசமட்டம்தான் சரி. நல்ல ரசமட்டங்கள் மீட்டருக்கு 0.5 மி.மீ. வித்தியாசம் வரை காட்டும். வளையாத 2 மீட்டர் பட்டை ஒன்றை எடுத்து, தண்ணீர் இறங்கும் பக்கத்து முனையில் 25 மி.மீ. கனமுள்ள கட்டையை ஒட்டிவிடு. பட்டையைத் தரையில் வைத்து மேலே ரசமட்டத்தை வை, குமிழ் நடுவில் நின்றால் வாட்டம் 1:80. கொத்தனாருக்கு எந்த எண்ணையும் படிக்கும் வேலை இல்லை. தூரம் அதிகமாக இருந்தால் தண்ணீர் நிரப்பிய குழாயால் பார்க்கும் டியூப் மட்டம் இன்னும் நல்லது, குழாய்க்குள் காற்றுக்குமிழ் சிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

எந்தக் கருவி வாங்கினாலும் கடையிலேயே திருப்பிப் பார். ஒரு மேசையில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள், அதே இடத்தில் முனைகளை மாற்றி வை. ஒரு பக்கம் 0.6 சரிவு என்றும் திருப்பினால் அதே திசையில் 0.2 என்றும் காட்டினால் உண்மைச் சரிவு 0.4, கருவியின் பிழை 0.2. ரசமட்டத்துக்கும் இதே சோதனைதான், குமிழ் இரண்டு முறையும் மேசையின் ஒரே பக்கமாக ஒரே அளவு ஒதுங்க வேண்டும். டிஜிட்டல் மானிக்குள் இருக்கும் சென்சார் புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத்தான் அளக்கிறது, அதனால் கை ஆடும்போது வரும் எண்ணுக்கு மதிப்பில்லை, வெயிலில் கிடந்த கருவியும் விலகிக் காட்டலாம்.

போனில் இருக்கும் செயலி போதுமா என்றும் கேட்டாய். ஒரு குத்துமதிப்புக்குச் சரி. பின்பக்கம் கேமரா புடைத்திருப்பதால் படுக்க வைத்து அளக்காதே, விளிம்பில் நிறுத்து, அதுவும் நீளமான பட்டையின் மேல். நேராகத் தரையில் வைத்தால் அந்தச் சின்ன இடத்து மேடுபள்ளம்தான் தெரியும்.

வாசல் படிகளின் மொத்த உயரத்தை அளந்து எழுது. 45 செ.மீ. என்றால் சரிவுக்கு மட்டுமே 5.4 மீட்டர் நீளம் வேண்டும், நேராக அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்ப வேண்டியிருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சேர்த்து வரைந்து அனுப்பு, சிமெண்ட் கலக்குவதற்கு முன்னால் நான் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்