மீனவருக்கும் ஒரு நல்ல ஏரி கொடுங்கள்

கிராமம் கட்டும் வீடியோ கேம்களை உருவாக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஆட்டங்களில் வயலுக்குக் கிடைக்கும் கவனிப்பு மீன்பிடிக்குக் கிடைப்பதில்லை. உழவு என்றால் மண்வளம் உண்டு, பயிர்ச்சுழற்சி உண்டு, பனி முந்தினால் விளைச்சல் போய்விடும். மீன்பிடி என்றால் கரையில் ஒரு குடில், அதற்குள் இரண்டு மூன்று ஆள், அவ்வளவுதான்.

மைன்கிராஃப்ட் ஆட்டத்தைப் பாருங்கள். 2019-இல் வந்த 1.14 பதிப்பு கிராமவாசிகளின் தொழில்களைப் புதுப்பித்தது. ஒரு பீப்பாயை வைத்தால் வேலையில்லாமல் திரிபவர் மீனவராகிவிடுவார். பக்கத்து உழவர் நிஜமாகவே அறுக்கிறார், விதைக்கிறார். இவரோ தூண்டிலைத் தொடுவதே இல்லை. நூலையும் மீனையும் வாங்கிக்கொண்டு, அங்கே காசாகப் புழங்கும் மரகதம் தருகிறார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பாலைவனத்திலும் இவர் மீனவர்தான்! அங்கே அது வணிகத்துக்கான ஏற்பாடு, சரி. ஊருக்கே சோறு போட வேண்டிய ஆட்டங்களில் இது போதாது.

2014-இல் வந்த பேனிஷ்ட் என்ற ஊர் கட்டும் ஆட்டம் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தது. மீன்பிடித் துறையைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் மீன். இரண்டு துறைகளை நெருக்கி வைத்தால் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இரண்டுக்குமே குறையும். அதனால் ஆற்று வளைவையும் ஏரிக்குள் நீளும் நிலமுனையையும் தேடி அலைய வேண்டியிருக்கும். அந்தத் தேடலே பாதி ஆட்டம்.

ஆனால் தண்ணீரின் பரப்பு மட்டும் போதாது, தண்ணீருக்குள் இருப்பதும் கணக்கில் வர வேண்டும். பல ஆட்டங்களில் மீன் தீர்வதே இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்றவற்றில் நேர்மாறு: பிடித்து முடித்தால் அந்த இடம் முடிந்தது, பிறகு 100 மரம் செலவழித்து மீன்பொறி கட்ட வேண்டியதுதான். போர் ஆட்டத்துக்கு அது பொருந்தும். தலைமுறை தலைமுறையாக ஓடும் கிராமத்துக்கு இரண்டுமே பொருந்தாது.

இதற்குப் பெரிய நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை. மீன்வள ஆய்வாளர் ஷேஃபர் 1954-இல் முன்வைத்த கணக்குக்கு அடிப்படையில் இரண்டே எண்கள் போதும்: ஏரி தாங்கக்கூடிய மீன், அது பெருகும் வேகம். ஏரி 1000 மீன் தாங்கும், வேகம் ஆண்டுக்கு 0.4 என்று வையுங்கள். 900 மீன் இருக்கும்போது பத்தில் ஒரு பங்கு இடம்தான் மிச்சம், அதனால் ஆண்டுக்கு 36-தான் கூடும் (0.4 × 900 × 0.1). 500 இருக்கும்போது 100 கூடும், அதுதான் உச்சம். 200-க்கு இறங்கிவிட்டால் 64. அந்த நிலையிலும் ஆண்டுக்கு 100 பிடித்துக்கொண்டே இருந்தால் நான்காவது ஆண்டில் ஏரி காலி.

இதில் ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. புதுக் குடும்பங்கள் வருகின்றன, இன்னொரு குடில் போடுகிறோம், பிடிப்பு கூடுகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். வினை சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்து கதவைத் தட்டும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நடந்ததும் இந்த வகைதான். மிச்சமிருந்த காட் மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து நின்றதால் கடைசிவரை வலைகள் நிறைந்தன. 1992-இல் அந்த மீன்பிடிப்பையே அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. ஓநாய்க் கூட்டத்தையும் கொள்ளைக்காரர்களையும் விட இது நல்ல ஆபத்து, ஏனென்றால் ஆடுகிறவரே கொண்டுவருவது.

அப்புறம், குடில் ஏன் ஓடவில்லை என்று தயவுசெய்து சொல்லுங்கள். கூரைக்கு மேல் ஓர் ஆச்சரியக்குறி மிதக்கிறது. அதை வைத்து என்ன செய்வது? கருவி தேய்ந்துவிட்டதா, கிடங்கு நிரம்பிவிட்டதா, ஏரி உறைந்துவிட்டதா, மீனே இல்லையா என்று ஒரு வரி போதும். இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பெரும்பாலும் யாரும் காட்டுவதே இல்லை: நடை. மீனவரின் வீடு ஊரின் மறுமுனையில், கிடங்கு மலையடிவாரத்தில், தண்ணீர் இந்தப் பக்கம். பாவம், பகல் முழுக்க நடந்துவிட்டு மாலையில் நாலு மீனோடு வருகிறார். புதிதாக ஆடுகிறவர் ஆள் போதவில்லை என்று நினைத்து மேலும் இரண்டு பேரைச் சேர்ப்பார், அவர்களும் நடப்பார்கள். நாளில் எத்தனை பங்கு நடையில் போகிறது, எத்தனை பங்கு தண்ணீரில் என்று காட்டினால், கரையோரமாக ஒரு சின்னக் கிடங்கும் இரண்டு வீடுகளும் போட வேண்டும் என்பது தானாகப் புரியும்.

மீன் கெட்டுப்போவதையும் விட்டுவிடாதீர்கள். ஃபார்தெஸ்ட் ஃபிரான்டியர் என்ற ஆட்டத்தில் புகையூட்டும் கூடம் இருப்பதால் விறகுக்கும் மீனுக்கும் ஓர் உறவு உண்டாகிறது. உப்பிட்டு உலர்த்தும் பந்தலையும் சேர்த்தால் வெயிலுக்கும் வேலை கிடைக்கும்.

தூண்டில் ஆடும் அழகெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பதிப்பில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், குடிலைச் சொடுக்கியதும் திறக்கும் பலகையில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்: இந்த ஆண்டு பிடித்தது, இந்த ஆண்டு பெருகியது.

இப்படிக்கு,
வயலை விட்டுவிட்டு முதலில் கரையைத் தேடும் ஓர் ஆட்டக்காரர்